ஆறு கிண்ணமும் ஒன்றாக

மைதாவோடு வளர்ந்தவள் நான். ஸ்ரீமுஷ்ணத்தில் கோயிலுக்குப் போகிற வழியில் அப்பா புரோட்டாக் கடை வைத்திருந்தார். மாலை நாலு மணிக்கு மாவு பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போர்த்தி வைப்பார். ஆறு மணிக்குக் கல் காயும். பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவில் உட்காருவது என் வேலை. மாவில் மட்டும் கை வைக்க விட்டதில்லை. "பொம்பளப் புள்ள புரோட்டா வீசுனா ஊரு சிரிக்கும்" என்பார். அதனால் உருண்டை எப்போது பதத்துக்கு வந்தது, எப்போது வீசினால் கிழியும் என்பதெல்லாம் எனக்குக் கண்ணளவில்தான் தெரியும்.

கேட்டரிங் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு ராமென் கடையில் சேர்ந்தபோது அந்தக் கண் ஒன்றுக்கும் உதவவில்லை. கடை முதலாளி ஜப்பான்காரர். ராமென் கடைத் தலைமைச் சமையல்காரரை அவர்கள் ஊரில் 'தைஷோ' என்று கூப்பிடுவார்களாம், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். நூடுல் வேகவைக்கும் பகுதி டார்ஜிலிங் பக்கத்திலிருந்து வந்த ஒரு அண்ணன் கையில் இருந்தது. எனக்கு முதலில் கொடுத்தது மாவு அறை.

புரோட்டா மாவு ஒரு கிலோவுக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும், எண்ணெய் தனி. ராமெனுக்கு அதே ஒரு கிலோவுக்கு 350 மில்லிதான். மெல்லிசு நூடுல் என்றால் 300க்கும் கீழே. எண்ணெய் கிடையாது. எவ்வளவு பிசைந்தாலும் ஒன்று சேராது, உதிர்ந்துகொண்டே இருக்கும். வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். "இன்னாம்மா இது, மாவா உப்புமாவா?" என்றார். அதுதான் பதம் என்று அவரை நம்பவைக்க முடியவில்லை. அந்த உதிரியை மூடி ஊறவைத்து, உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்தினால் பட்டையாக வரும். ஓரமெல்லாம் பிய்ந்திருக்கும். இரண்டு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மறுபடி அழுத்த வேண்டும், திரும்பவும் மடித்து அழுத்த வேண்டும். கையால் ஆகாததை இயந்திரத்தின் பாரம் செய்கிறது. சாதாரண மைதாவில் இதற்கு வேண்டிய புரதம் இருக்காது என்று தைஷோ கொஞ்சம் குளூட்டன் தூளும் கலப்பார்.

அந்தத் தண்ணீரிலும் ஒரு சங்கதி இருக்கிறது. சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் கரைத்த காரத் தண்ணீர் அது, 'கன்சுய்' என்பார்கள். மாவின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு போதும். மாவை இறுக்கி நூடுலுக்கு ஒரு மீள்தன்மை கொடுக்கிறது, சூப்பில் கிடந்தாலும் சீக்கிரம் குழையவிடாது. மாவிலேயே இருக்கும் நிறமற்ற சில பொருட்கள் காரம் பட்டதும் மஞ்சளாகிவிடும். ராமெனின் மஞ்சளைப் பார்த்து முட்டை என்று நினைக்காதவர் குறைவு. முட்டை சேர்க்கும் கடைகளும் உண்டு, எங்கள் கடையில் இல்லை. கப்பலில் வரும் கன்சுய் தீர்ந்துபோன ஒரு வாரம் தைஷோ சமையல் சோடாவைத் தட்டில் பரப்பி ஓவனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாட்டினார். சூட்டில் அது சோடியம் கார்பனேட்டாக மாறிவிடுகிறது. வீட்டில் ஆயா உளுந்து மாவில் போடும் அப்பளக்காரமும் இந்த இனம்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பட்டையை நூலாக நறுக்கும் கத்திகளுக்கு எண் உண்டு. 30 மில்லிமீட்டர் அகலத்தில் எத்தனை நூடுல் விழும் என்பதுதான் அந்த எண். 20ஆம் எண் கத்தி என்றால் ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர். 26 என்றால் மெலிசு, கொதிநீரில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. 14 என்றால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல், வேக ஏழெட்டு நிமிடம் கேட்கும். இந்த எண்ணை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பின்னால் குடும்பங்களுக்குப் பரிமாறக் கற்றுக்கொண்டபோது எனக்குப் பிடிமானமாக இருந்தது இதுதான்.

மாவு அறைக்கு அடுத்தது சூப்புப் பானை. அங்கே எனக்கு ஒரு தயக்கம் காத்திருந்தது.

ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் பூவராகர். பூமியை மீட்டு வந்த பன்றி முகத்துச் சாமி. தானாகத் தோன்றிய வைணவத் தலங்கள் எட்டில் எங்கள் ஊரும் ஒன்று. வராகம் கிளறித் தின்பது கோரைக்கிழங்கு என்பதால் அதை இடித்துச் செய்வதே அங்கே பிரசாதம். மாசி மகத்துக்குச் சாமி ஊர் ஊராகப் போய்க் கிள்ளைக் கடற்கரையில் தீர்த்தவாரி கண்டு திரும்புவார். அங்கே முஸ்லிம்களும் நின்று வரவேற்று மரியாதை செய்வார்கள். இப்படிப்பட்ட ஊரிலிருந்து போன என்னிடம், காலையில் வந்து இறங்கிய பன்றி எலும்பு மூட்டையைக் காட்டி, கழுவு என்றார்கள். இறைச்சி எனக்கு விலக்கு இல்லை, கோழியும் மீனும் தின்று வளர்ந்தவள்தான். ஆனாலும் கை போகவில்லை. தைஷோவிடம் காரணத்தைச் சொன்னேன். சிரிக்கவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை. என்னைக் கோழிப் பானைக்கு மாற்றிவிட்டு அவர் ஊர்க் கதை ஒன்று சொன்னார். 675இல் தெம்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி தின்னக் கூடாது என்று ஆணை போட்டாராம். காட்டுப்பன்றி அந்தப் பட்டியலில் இல்லை. 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்ற செய்தி வெளியான பிறகுதான் ஊரார் வெளிப்படையாகத் தின்னத் துணிந்தார்கள். "தின்பது தின்னாதது எல்லா ஊரிலும் கதைதான், உன் கதையோடு நீ இரு" என்பது அவர் பேச்சின் சாரம்.

கோழிப் பானையிலும் கற்க நிறைய இருந்தது. ஒரே எலும்பில் இரண்டு சூப்பு எடுக்கலாம். கொதி வராமல், மேலே லேசாக அசைவு மட்டும் தெரியும்படி வைத்திருந்தால் கண்ணாடி மாதிரி தெளிந்த சாறு. தளதளவென்று மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் எலும்பின் பசையும் கொழுப்பும் தண்ணீரோடு பிணைந்து பால் வெள்ளையாகத் திரளும். கூரூமே என்ற ஊரில் 1937இல் ஒரு தள்ளுவண்டிக்காரர் தொடங்கிய பன்றி எலும்பு ராமென்தான் கியூஷு பக்கமெல்லாம் பரவியது. வெள்ளையாகத் திரள்வது அதற்கடுத்த காலத்துச் சேதி. அடுப்பைக் கூட்டிக் குறைப்பதுதான் வித்தை. ரசம் கொதித்தால் போச்சு என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவளுக்கு முதல் வகை எளிதாகப் பிடிபட்டது. இரண்டாவது வகையில், கொதிக்கிற பானையை வேடிக்கை பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது கஷ்டமாக இருந்தது.

சூப்பில் உப்பு கிடையாது. உப்பும் சோயாவும் 'தாரே' என்ற கரைசலில் தனியாக இருக்கும், ஒரு கிண்ணத்துக்கு 30 மில்லி. கடற்பாசி, கருவாட்டு மணமெல்லாம் அதற்குள்தான். அவர்கள் சீவிப் போடும் 'கத்சுவோபுஷி'யைப் பார்த்ததும் கீழக்கரைத் தோழி ஒருத்தி வீட்டில் சாப்பிட்ட மாசிச் சம்பல் நினைவு வந்தது. மாலத்தீவிலும் மினிக்காயிலும் செய்கிற மாசியும் அதே சூரை மீன்தான், அதே போல வேகவைத்துப் புகையிட்டுக் காயவைப்பதுதான். ஜப்பானில் அதன் மேல் பூஞ்சணம் ஏற்றி மறுபடி மறுபடி வெயிலில் வைக்கும் வகையும் உண்டு. கடலூர் முதுநகரிலிருந்து நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டு போய்த் தைஷோவிடம் நீட்டினேன். அவர்கள் ஊர் நெத்திலியை உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டுப் பிறகுதான் காயவைப்பார்கள். நம்முடையது பச்சையாகவே வெயிலுக்குப் போவது, வாடை தூக்கல். தலையும் குடலும் கிள்ளி எறிந்து, வறுத்து, எங்கள் சாப்பாட்டுக்கான சூப்பில் போட்டார். கடைப் பானைக்கு ஏற்றவில்லை. எனக்கென்னவோ எங்கள் கருவாடுதான் சுவை.

இத்தனையும் கிண்ணத்தில் சேர்வது ஒரு நிமிடத்துக்குள். வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய கிண்ணத்தில் தாரே, வாசனை எண்ணெய், கொதிக்கும் சூப்பு. அதே கணம் நீள்கூடையிலிருந்து நூடுலைத் தூக்கி, ஒரே வீச்சில் தண்ணீரை உதறி, உள்ளே இறக்கி, ஒரு மடிப்பு மடித்து, மேலே இறைச்சித் துண்டு, பாதி முட்டை, வெங்காயத்தாள். மணிக்கட்டு வேலை. உதறல் சரியில்லை என்றால் கூடையில் தங்கிய தண்ணீர் சூப்பை நீர்த்துவிடும். டார்ஜிலிங் அண்ணன் என்னை வெறும் தண்ணீரில் நனைத்த துணியைக் கூடையில் போட்டு உதறி உதறிப் பழகவைத்தார். முழங்கை அசையக் கூடாது, மணிக்கட்டு மட்டும். புரோட்டா வீச்சுக்கும் மணிக்கட்டுதானே என்று நினைத்துக்கொண்டேன், அப்பா சிரிக்கமாட்டார் என்றால் சொல்லியிருப்பேன்.

இதுவரை சொன்னது எந்த ஊர் ராமென் கடையிலும் கற்கலாம். சென்னையில் கற்க வேண்டியது வேறு.

ராமென் தனியாள் சாப்பாடு. தோக்கியோ அசகுசாவில் 1910இல் யோகோஹாமாவின் சீனச் சமையல்காரர்களை வைத்து 'ராய்ராய்க்கென்' கடை திறந்த நாளிலிருந்தே அது வேலைக்குப் போகிறவர்கள் அவசரமாகத் தின்றுவிட்டு எழுந்துபோகிற பண்டம். ஃபுகுவோக்காவின் நாகஹாமா மீன் சந்தையில் ஏலத்துக்கு நடுவே ஓடிவந்து சாப்பிடுகிறவர்களுக்காகவே நூடுலை மெலிசாக்கினார்கள், சீக்கிரம் வேகட்டும் என்று. நிறையப் போட்டால் குழையும் என்பதால் கொஞ்சமாகப் போட்டு, போதாதவருக்கு மிச்ச சூப்பில் இன்னொரு பிடி நூடுல் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கணக்கெல்லாம் வாயைத் திறந்து பேசாமல் சாப்பிடுகிற ஆளுக்குச் சரி. எங்கள் கடையிலும் வார நாட்களில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலையாக வந்த ஜப்பானியர்கள் நீள்மேசையில் வரிசையாக உட்கார்ந்து, உறிஞ்சி முடித்து, கால் மணி நேரத்தில் எழுந்துவிடுவார்கள்.

சனி, ஞாயிறு நம் குடும்பங்கள் வரும். தாத்தா முதல் கைக்குழந்தை வரை. ஒருத்தருக்கு வந்ததை இன்னொருத்தர் ருசி பார்ப்பார். போட்டோ எடுப்பார்கள். எல்லாருக்கும் வரட்டும் என்று காத்திருப்பார்கள், அது நம் மரியாதை. பந்தியில் முதலில் சோறு விழுந்தவர் பக்கத்து இலையைப் பார்த்துக் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பதில்லையா! ராமெனுக்கு அந்த மரியாதை விஷம். முதல் கிண்ணம் போய் நாலு நிமிடம் கழித்து ஐந்தாவது போனால், முதல் கிண்ணம் உப்பிக் குழைந்திருக்கும். "நூடுல் வெந்து போச்சு" என்று திரும்பி வரும். வேகாத நூடுல் எங்கே இருக்கிறது என்று சமையலறையில் முணுமுணுப்போம். குற்றம் சாப்பிடுகிறவர் மேல் இல்லை.

தைஷோ முதலில் சுவரில் ஒரு சீட்டு ஒட்டினார், வந்த உடனே சாப்பிடவும் என்று. யாரும் மதிக்கவில்லை. நாம் சீட்டைப் படித்துச் சாப்பிடுகிற சாதியா? பிறகுதான் கத்தி எண்ணுக்கு வந்தோம். வார இறுதியில் 22ஐக் கழற்றிவிட்டு 16 மாட்டினோம். தடித்த நூடுலுக்கு ஆயுள் அதிகம். தண்ணீரையும் கொஞ்சம் கூட்டினோம். உலர்ந்த மாவில் செய்த நூடுல் சூப்பை வேகமாக உறிஞ்சிக்கொள்ளும், ஈரம் கூடியது அவ்வளவு உறிஞ்சாது. பெரிய குடும்பம், அரட்டை பலம் என்று தெரிந்தால் 'த்சுகேமென்' பரிந்துரைப்பேன். வெந்த நூடுலைக் குளிர்ந்த தண்ணீரில் அலசித் தனித்தட்டில் வைத்து, கெட்டிச் சாற்றைச் சூடாகக் கிண்ணத்தில் கொடுப்பது, தொட்டுத் தொட்டுச் சாப்பிடலாம். கஸுவோ யமகிஷி 1955இல் கடைச் சிப்பந்திகள் தின்றுகொண்டிருந்ததைச் சீர்செய்து விற்பனைக்குக் கொண்டுவந்த முறை. நூடுலும் சூப்பும் சேராதவரை குழையும் பேச்சே இல்லை. நம் ஆட்கள் எண்ணிக்கையில் வந்து நிதானமாகச் சாப்பிட இதைவிட வாகானது கிடையாது. ஆனால் ஆறிப்போன நூடுலா என்று பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள்.

கடைசியில் மிஞ்சியது நேரக் கணக்கு. ஆறு பேர் மேசை என்றால் ஆறு கிண்ணமும் ஒரே தட்டு வரிசையில் போக வேண்டும். கொதிகலனில் ஆறு கூடைகள்தான். தடித்தது முதலில் இறங்கும், மெலிசு கடைசியில் இறங்கும், எல்லாம் ஒரே கணத்தில் மேலே வரும். குழந்தைக் கிண்ணத்துக்கு நூடுலைக் கத்தரித்து, சூப்பைக் கொஞ்சம் ஆற்றிவைக்க வேண்டும். சைவக் கூடைக்குச் சிவப்புப் பிடி, அது வேறு எதிலும் படக் கூடாது. இதையெல்லாம் தலைக்குள் ஓட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை நிற்கும்போதுதான் என் வீட்டாரே வந்து இறங்கினார்கள்.

தாம்பரத்தில் ஒரு வளைகாப்பு. விருத்தாசலத்தில் ரயிலேறி வந்திருந்தார்கள். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பையன், ஆயா. சனிக்கிழமை என்பதால் ஆயாவும் அம்மாவும் சைவம். ஆயா நேராகச் சமையலறைக் கதவருகே வந்து நின்று பெரிய பானையைக் காட்டினாள்.

"ஏ புள்ள, அதுல இன்னா வேவுது?"

"பன்னி எலும்பு ஆயா. ஒனக்கு வேற பானை."

கொஞ்ச நேரம் பானையையே பார்த்தாள். "சாமி வேற, சந்தை வேற. அந்தக் கரண்டிய மட்டும் எந்துல வெக்காத."

அவளுக்கும் அம்மாவுக்கும் வைத்தது கொம்புக் கடற்பாசியும் உலர்ந்த ஷீடாகே காளானும் இரவே ஊறப்போட்டு எடுத்த சாறு, சோயா பாலும் எள் விழுதும் சேர்த்தது. 1908இல் கிகுனாயே இகேடா என்ற வேதியியலாளர் கொம்பில் இருக்கும் குளூட்டமேட்டுதான் அந்தச் சுவைக்குக் காரணம் என்று கண்டுபிடித்தார். உலர்காளானில் இருக்கும் குவானிலேட் அதோடு சேரும்போது சுவை பல மடங்கு ஏறும் என்பதை 1950களின் கடைசியில் அகிரா குனினாகா கண்டார். இரண்டையும் கூட்டிவிட்டால் எலும்பு இல்லாத குறை தெரியாது. ஜப்பானில் காய்கறி ராமென் என்று எழுதியிருந்தாலும் அடியில் மீன் சாறு இருக்கலாம். அதனால் சைவத் தாரேவை நானேதான் காய்ச்சுவேன்.

மஞ்சளைப் பார்த்து ஆயாவுக்குச் சந்தேகம். முட்டையா? அப்பளக்காரம் மாதிரி ஒன்று என்று சொன்னேன். நம்பவில்லை. கொஞ்சம் கன்சுய் தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்து மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை போட்டேன். ஆரத்தித் தண்ணீராகச் சிவந்தது. ஆயுள் முழுக்க அப்பளம் இட்ட கைக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு கூடைகளும் காலியாக இருந்தன. ஐந்தைத்தான் இறக்கினேன். டார்ஜிலிங் அண்ணன் சீட்டைக் காட்டி ஆறு என்றார். இருக்கட்டும் என்றேன். ஐந்து கிண்ணமும் ஒன்றாகப் போயின. அம்மா நான் நினைத்தது போலவே பையனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, ஊதி ஊதி ஊட்டத் தொடங்கினாள். "நீங்க சாப்பிடுங்க, எனக்கு மெதுவா வரட்டும்." வீட்டில் அம்மா முதல் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பையன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நேரத்துக்குக் கணக்கு வைத்து ஆறாவது கூடையை இறக்கினேன். அவன் போதும் என்று இறங்கி ஓடவும் அம்மா முன்னால் கிண்ணம் வரவும் சரியாக இருந்தது. சூடாக, நூடுல் விறைப்பாக, உறிஞ்சக் கூச்சப்பட்டுக் கடித்துக் கடித்துச் சாப்பிட்டாள். அப்பாவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை, பாயசம் உறிஞ்சுகிற சத்தம் கடை முழுக்கக் கேட்டது. நீள்மேசையில் இருந்த ஜப்பானியர் ஒருவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

சாப்பிட்டு முடித்த அப்பா மாவு அறைக்குள் வந்துவிட்டார். உதிரி மாவை உள்ளங்கையில் அழுத்தி, உடைத்து, முகர்ந்து பார்த்தார். தைஷோவுக்கு ஆளைப் பிடித்துவிட்டது. புரோட்டாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார். கை சொல்லும் என்றார் அப்பா. தைஷோ விடவில்லை. ஒரு கிலோ மைதாவைத் தராசில் வைத்து அப்பாவைப் பிசையச் சொல்லி, ஒவ்வொரு தடவை தண்ணீர் விடும்போதும் எடையைக் குறித்துக்கொண்டார். கடைசி எண்ணைக் காட்டினார். அப்பா இவ்வளவு காலம் கையால் அறிந்தது 560 கிராம். "நம்ம ஊரு வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் விடுவேன்" என்று விட்டுக்கொடுக்காமல் சொன்னார். பிறகு உருண்டையை என்னிடம் தள்ளினார். வீசு என்று வாயால் சொல்லவில்லை. மூன்றாவது வீச்சில் கிழிந்தது, இருந்தாலும் விசிறி மாதிரி விரிந்துதான் கிழிந்தது.

அவர்கள் போன பிறகு ஆறாவது கூடையை ஏன் நிறுத்தினாய் என்று தைஷோ கேட்டார். எங்கள் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் ஒருவர் இருப்பார், அவர் யார் என்று சாப்பாடு வருவதற்கு முன்பே மேசையைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். இப்போது எங்கள் சப்ளையர்கள் குடும்ப மேசைச் சீட்டில் ஒரு இருக்கைக்கு மட்டும் வட்டம் போட்டு உள்ளே அனுப்புகிறார்கள். வட்டம் போட்ட கூடை தாமதமாக இறங்கும். பெரும்பாலும் அது ஒரு அம்மா. சில மேசைகளில் அப்பா, காரை நிறுத்த இடம் கிடைக்காமல் தெருவைச் சுற்றிக்கொண்டிருப்பதால்.